சின்னக் கப்பலில் ஸ்வால்பார்ட்: 67 வயது அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

9 ஜூலை 2025, ஒரு வாசகரின் கேள்வி

அடுத்த வருடம் ஜூன் கடைசியில் ஸ்வால்பார்ட் போயே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நார்வேயின் தீவுக்கூட்டம் அது. வயது 67, முழங்கால் வலி உண்டு, மற்றபடி திடமாக இருக்கிறார். சின்னக் கப்பலில் போனால்தான் துருவக்கரடியைக் கிட்டத்தில் பார்க்கலாம், பெரிய கப்பலில் போனால் பணம் வீண் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? ரப்பர் படகில் அம்மாவால் ஏறி இறங்க முடியுமா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 ஜூலை 2025

போன வாரம்தான் திரும்பினேன். ஜூன் 26 அன்று ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியென் துறைமுகத்தில் ஏறி ஜூலை 5 அன்று அங்கேயே இறங்கினோம். கூட வந்தது என் அத்தை. வயது 64, இடது முழங்காலில் தேய்மானம், வீட்டு மாடிப்படியிலேயே ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். எல்லா இடத்திலும் படகில் இறங்கினார், ஒரு நாள்கூடக் கப்பலிலேயே தங்கவில்லை. அதனால் கூட்டிப்போகலாம் என்பதுதான் என் பதில்.

சின்னக் கப்பல் நல்லது என்பது சரி, ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணம் தப்பு. கரடிக்குக் கிட்டத்தில் யாரும் போக முடியாது. சட்டப்படி 500 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், கப்பலில் 12 பேர் இருந்தாலும் 200 பேர் இருந்தாலும் அதேதான். சின்னக் கப்பலின் அருமை கரையில் தெரியும். எங்கள் கப்பலில் பயணிகள் 54 பேர், ரப்பர் படகுகள் ஆறு, ஒரு படகில் ஒன்பது பத்துப் பேர். அரை மணி நேரத்தில் எல்லோரும் கரையில் இருப்போம், மூன்று மணி நேரம் நிற்போம். 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது, கரையிறங்க அனுமதியும் குறித்துக் கொடுத்த 43 இடங்களில் மட்டும்தான். 200 பேர் கப்பல் என்றால் ஒரு கூட்டம் திரும்பிய பிறகுதான் அடுத்த கூட்டம் இறங்க முடியும், நீங்கள் கரையில் நிற்கும் நேரம் பாதியாகிவிடும்.

10 ஜூலை 2025, இரவு

விசா பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்வால்பார்ட் நார்வேயின் கீழ் இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லைக்குள், இல்லை. ஓஸ்லோவிலிருந்து விமானம் ஏறும்போதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைவதாகக் கணக்கு. ஆகவே குறைந்தது இரண்டு முறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நுழையும் விசாவில் போனால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

13 ஜூலை 2025

ரப்பர் படகு விஷயத்தை விளக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். அத்தைக்கும் அதுதான் பயம், அதனால் நான் ஒவ்வொரு அசைவையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் படிக்கட்டு தண்ணீர் வரை இறங்கும், அடியில் ஒரு சின்ன மேடை. படகு அங்கே வந்து ஒட்டி நிற்கும், நின்றாலும் ஏறும் இறங்கும். படகில் ஒருவர், மேடையில் ஒருவர். அவர்கள் உங்கள் உள்ளங்கையைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் முன்கையை அவரும் அவர் முன்கையை நீங்களும், மணிக்கட்டுக்கு மேலே, இறுகப் பற்றவேண்டும். ஈரக் கை வழுக்கினாலும் இந்தப் பிடி நழுவாது. இரண்டு கையிலும் பை, கேமரா எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் அலை படகைத் தூக்கும்வரை காத்திருந்து, அவர் "இப்போது" என்றதும் படகின் ரப்பர் விளிம்பில் ஒரு கால், படகுத் தரையில் ஒரு கால், உடனே உட்காரவேண்டும். உட்கார்ந்தபடியே நகர்ந்து உங்கள் இடத்துக்குப் போகவேண்டும்.

கரையில் இறங்குவது இதைவிடச் சுலபம். உட்கார்ந்தபடியே முன்பக்கம் நகர்ந்து வந்து, இரண்டு காலையும் பின்பக்கமாகச் சுழற்றி விளிம்புக்கு வெளியே போட்டு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் இறங்கவேண்டும். முழங்காலுக்கு உயரத்தில் ரப்பர் பூட்ஸ் கப்பலிலேயே கொடுத்தார்கள். அம்மாவின் அளவைச் சரியாக எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட இடம் இருக்கவேண்டும்.

முழங்காலுக்குக் கஷ்டம் படகில் இல்லை, அந்த இரும்புப் படிக்கட்டில்தான். இறங்கும்போது அத்தை பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்கினார். அப்படிச் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் படகோட்டி.

இன்னொன்று. கரையில் கழிப்பறை கிடையாது. மூன்று மணி நேரம். அம்மாவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

14 ஜூலை 2025

தூரக் கணக்கில் ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரைதான் 500 மீட்டர். ஜூலை 1 முதல் பிப்ரவரி கடைசி வரை 300 மீட்டர். எங்கள் பயணத்தின் நடுவிலேயே விதி மாறியது, அதனால் எனக்கு இரண்டும் பழக்கம், இருந்தும் பெரிய எண்ணை மட்டும் எழுதிவிட்டேன். நீங்கள் ஜூன் கடைசியில் போவதாகச் சொல்வதால் உங்களுக்கு 500தான். கரடியே உங்களை நோக்கி வந்தாலும் நீங்கள்தான் பின்வாங்கவேண்டும்.

19 ஜூலை 2025

கேபின் பற்றிக் கேட்டவருக்கு: முடிந்தால் மேல்தளத்தில் எடுங்கள், ஜன்னல் பெரிதாக இருக்கும்.

21 ஜூலை 2025

மேலே சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அத்தையிடம் கேட்டபோது அவர் சொன்னார்: "மேல்தளத்துக் கேபின் கொடுத்திருந்தால் நான் முதல் ராத்திரியே செத்திருப்பேன்." மேற்குக் கரையோரம் திறந்த கடலில் போன இரவு கப்பல் நன்றாகவே ஆடியது. கப்பல் சின்னதாக ஆக ஆட்டமும் கூடும், அதிலும் உயரத்திலும் முன்முனையிலும் அதிகம். எங்கள் கேபின் கீழ்த்தளத்தில், நீளவாக்கில் நடுவில் இருந்தது. ஒரு சின்ன வட்ட ஜன்னல், என்ஜின் சத்தம் கேட்கும், ஆனால் தூங்க முடிந்தது. அம்மாவுக்குக் கீழ்த்தளமும் நடுவும்தான் நல்லது. ஜன்னல் எதற்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் வெளியேதான் நிற்பீர்கள். ஃபியோர்டுகளுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு போகும் கடல் கைகளுக்குள், நுழைந்துவிட்டால் தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், அங்கே எந்தக் கேபினும் ஒன்றுதான். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போடவேண்டும், தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

26 ஜூலை 2025

இப்போது கரடி.

ஜூன் 29, அதிகாலை இரண்டேகால். அதிகாலை என்று எழுதினாலும் வெயில் பளீரென்று இருந்தது, லாங்யர்பியெனில் ஏப்ரல் 20 வாக்கில் உதித்த சூரியன் ஆகஸ்டு 22 வாக்கில்தான் மறையும். ஒலிபெருக்கியில் மெதுவான குரலில் அறிவிப்பு, கரையோரக் கடற்பனிமேல் கரடி இருக்கிறது, வர விரும்புபவர்கள் வரலாம், கதவை அடித்துச் சாத்தவேண்டாம் என்று. பைஜாமாவுக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடினோம். கப்பல் என்ஜினை அடக்கி நின்றுவிட்டது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைப் பனியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பனி வெள்ளை, கரடி மஞ்சள், இதை யாராவது சொல்லித்தந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

வழிகாட்டி முக்காலித் தொலைநோக்கியை நிறுத்தி வரிசையாகப் பார்க்கவிட்டார். கரடி பனியில் ஒரு ஓட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. தலை தாழ்ந்து, மூக்கு ஓட்டையின் விளிம்பில். அசையவே இல்லை. சீல் மூச்சுவிட மேலே வரும் ஓட்டை அது. தூரம் அளக்கும் கருவியில் 720 மீட்டர் என்று காட்டியது. ஒரு பயணி வழிகாட்டியிடம் வாக்குவாதமே பண்ணினார், இன்னும் 200 மீட்டர் உள்ளே போனாலும் சட்டப்படி சரிதானே, இவ்வளவு பணம் கொடுத்து வந்தது எதற்கு என்று. உண்மையைச் சொன்னால் அந்த நேரத்தில் என் மனசும் அவர் பக்கம்தான் இருந்தது. வழிகாட்டி குரலை உயர்த்தவில்லை. "அது சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது, நாமும் இங்கேயே காத்திருப்போம்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் நின்றோம். பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். அத்தை போகவில்லை, சமையல்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார், அதில் உட்கார்ந்துகொண்டு தொலைநோக்கியை விடவே இல்லை. கடைசியில் கரடி எழுந்தது. சீல் வரவில்லை. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, ஓட்டையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பனிமேட்டுக்குப் பின்னால் நடந்து போய்விட்டது.

27 ஜூலை 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அந்த 500 மீட்டர் விதி கொஞ்சம் அதிகப்படி இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எனக்கும் கப்பலில் வைத்து அப்படித்தான் தோன்றியது, இப்போது அப்படி நினைக்கவில்லை.

கடற்பனி இருக்கும்வரைதான் கரடிக்குச் சீல் வேட்டை நன்றாக நடக்கும். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் பனியில்லாத மாதங்களைத் தள்ளவேண்டும், குட்டி உள்ள தாய் என்றால் பாலும் அதிலிருந்துதான். ஜூன் 30 வரை தூரம் கூடுதலாக இருப்பதற்கு அர்த்தம் அதுதான். நாங்கள் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தில் அந்தக் கரடி ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கப்பல் உறுமியபடி வந்திருந்தால் சீல் அந்த ஓட்டைக்கே வந்திருக்காது, கரடியும் எழுந்து போயிருக்கும். ஒரு கோடையில் எத்தனை கப்பல் வருகிறது, ஒவ்வொன்றும் "இன்னும் 200 மீட்டர்" என்று கேட்டால் என்ன ஆகும்?

ஸ்வால்பார்டில் 1973 முதல் கரடி வேட்டைக்குத் தடை. அதற்குமுன் துப்பாக்கி கட்டிய பொறி வைத்தெல்லாம் கொன்றிருக்கிறார்கள். 2018 ஜூலையில் வடகோடித் தீவுகளில் கப்பல் பயணிகளை இறக்குவதற்கு முன்னால் கரையைச் சோதிக்கப் போன வழிகாட்டி ஒருவரைக் கரடி தாக்கியது, அதைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். யார் மேலும் பழி சொல்ல இதை எழுதவில்லை. நாம் கரை இறங்குவது அதன் வீட்டில். ஒவ்வொரு கரையிலும் முதலில் வழிகாட்டிகள் துப்பாக்கியோடு இறங்கி மேடுகளில் ஏறிச் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் எங்களை இறக்கினார்கள். அந்தத் துப்பாக்கி ஒருநாளும் வெடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இரண்டாவது கரடி ஜூலை 3 அன்று, 300 மீட்டர் விதி வந்தபிறகு. கிட்டத்தில்தான் இருந்தது, முகமெல்லாம் தெரிந்தது. கரைப் பாறைமேல் நாற்பது நிமிடம் தூங்கியது, நாங்கள் கிளம்பிவிட்டோம். என் போனில் நல்ல படம் எல்லாம் அந்த இரண்டாவது கரடிதான். இரவில் கண்ணை மூடினால் வருவது முதல் கரடி.

3 ஆகஸ்டு 2025

அத்தையின் நடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கரையில் மூன்று குழுவாகப் பிரிப்பார்கள், வேகமாக மலை ஏறுபவர்கள், நடுத்தரம், மெதுவாகப் போகிறவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் துப்பாக்கியோடு வழிகாட்டி. தனியாக ஒதுங்கி உட்கார முடியாது, களைத்தாலும் குழுவோடுதான் இருக்கவேண்டும். நான் முதல் இரண்டு நாள் வேகக் குழுவில் போனேன், மூன்றாம் நாள் அத்தையோடு போனேன், அப்புறம் திரும்பவே இல்லை. வேகக் குழு பார்ப்பது முன்னால் போகிறவரின் முதுகை. மெதுவான குழுவில் வழிகாட்டி மண்டியிட்டுக் காட்டினார், உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு செடி, தரையோடு ஒட்டி. அது வில்லோ மரம். மரம்தான். என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.

அதே கரையில் ஒரு கலைமான் கொம்பு, பச்சை மீன்வலையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் மண்டையோடும். வலை எங்கோ மீன்பிடிப் படகிலிருந்து விழுந்து மிதந்து வந்தது. எங்கள் குழு ஒரு மணி நேரம் வலையும் கயிறும் பொறுக்கியது, படகு நிறைய ஏற்றினோம். ஆனால் பழைய மரத்துண்டு, ஆணி, எலும்பு எதையும் தொடக் கூடாது. 1946க்கு முன்னால் மனிதர்கள் விட்டுப்போன எதுவும் அங்கே பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னம்.

ஸ்மேரன்பர்க்கில் அது நன்றாகப் புரிந்தது. பெயருக்குக் கொழுப்பு ஊர் என்று பொருள், 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சிய இடம். அடுப்பு இருந்த இடத்தைச் சுற்றி வட்டமாகக் கருப்புக் கட்டி இன்னும் இருக்கிறது. வழிந்த எண்ணெயும் மணலும் சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. நானூறு வருடம் ஆகப்போகிறது. அந்தக் கடலில் வில்தலைத் திமிங்கிலங்களை ஏறக்குறையத் துடைத்தே விட்டார்கள்.

4 ஆகஸ்டு 2025

ஒரு சின்ன விஷயம். அத்தை தினமும் சாயங்காலம் விளக்கேற்றுபவர். கப்பலில் நெருப்புக்கு அனுமதி இல்லை, அதை ஒப்புக்கொண்டார். ஆனால் "பொழுது சாயவே மாட்டேன் என்கிறதே, எந்த நேரத்தில் கும்பிடுவது?" என்று என்னைக் கேட்டார். பதில் தெரியவில்லை. கடைசியில் அவரே முடிவு செய்தார், ஊரில் ஆறு மணி ஆகும்போது, அதாவது கப்பலில் மதியம் இரண்டரைக்கு, மேல்தளத்தில் நின்று கையைக் கூப்பினார். மதியப் படகு கிளம்பும் நேரமும் அதுதான். மூன்றாம் நாளிலிருந்து படகோட்டி அவருக்காக இரண்டு நிமிடம் காத்திருந்தார்.

17 ஆகஸ்டு 2025

பயணத் திட்டத்தை அனுப்பி இதில் எது கட்டாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவுமே கட்டாயம் இல்லை. எங்கள் திட்டத்திலும் தீவைச் சுற்றி வருவதாக இருந்தது. ஹின்லோபன் நீரிணை வாயில் பனி அடைத்துக் கிடந்தது, கேப்டன் திருப்பிவிட்டார். அத்தை ஆசையாகப் படம் பார்த்து வைத்திருந்த ஆல்கெஃபியெல்லெட் பறவைப் பாறை அந்த நீரிணைக்குள்தான் இருக்கிறது, போக முடியவில்லை. அது வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஜூன் கடைசியில் போகிறவர்களுக்குப் பனியும் கிடைக்கும், பனி அடைப்பும் கிடைக்கும். சுற்றி வருவதுதான் முக்கியம் என்றால் ஆகஸ்டில் போங்கள். பனிமேல் கரடியைப் பார்க்கவேண்டும் என்றால் ஜூன்.

திருப்பிவிட்ட அந்த நாளில்தான் மொனாக்கோ பனியாற்றின் முன்னால் படகில் மிதந்தோம். படகோட்டி என்ஜினை நிறுத்தினார். சுற்றிலும் மிதக்கும் பனிக்கட்டியெல்லாம் பொரி பொரிவதுபோலப் படபடவென்று சத்தம். பனிக்குள் அகப்பட்ட பழைய காற்று வெளியே வருகிற சத்தம் அது. தூரத்தில் பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்து விழுந்தது. இடி அப்புறம்தான் வந்து சேர்ந்தது. அலை வருமுன் படகோட்டி படகின் மூக்கை அதை நோக்கித் திருப்பி வைத்தார்.

18 ஆகஸ்டு 2025

ஆய்வாளர்கள் தங்கும் சின்ன ஊரான நீ-ஓலசுண்ட் உங்கள் திட்டத்தில் இருப்பதால்: இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான், 2008 முதல் இயங்குகிறது. உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்க்கலாம். அத்தை பெயர்ப்பலகைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். 1926இல் நார்வேயின் துருவப் பயணி ஆமுன்ட்சென் தன் வான்கப்பலைக் கட்டி நிறுத்திய இரும்புக் கம்பமும் ஊருக்கு வெளியே நிற்கிறது, அங்கிருந்துதான் வட துருவத்தைத் தாண்டி அலாஸ்காவுக்குப் பறந்தார்கள். ஊருக்குள் போனின் வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்தே இருக்கவேண்டும், ஆய்வுக் கருவிகளுக்கு அது இடைஞ்சல். ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை தலையில் கொத்த வரும், தெருவோரத்திலேயே கூடு கட்டியிருக்கிறது. கையைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு நடந்தால் உயரமானதைத்தான் கொத்தும். அடிக்கக் கூடாது.

12 செப்டம்பர் 2025

காப்பீடு எடுத்தாயிற்றா? லாங்யர்பியெனில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி, பெரிய வைத்தியம் என்றால் விமானத்தில் நார்வே நிலப்பகுதியில் உள்ள ட்ரோம்சோவுக்குத்தான். அந்த ஏற்பாட்டுச் செலவையும் ஏற்கும் காப்பீடாகப் பாருங்கள், வயது வரம்பையும் பாருங்கள்.

சைவச் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை, முன்பே எழுதிச் சொன்னால் போதும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கேபினில் வைத்துக்கொள்ளுங்கள், கரைக்கு மட்டும் எந்தத் தீனியும் எடுத்துப் போகக் கூடாது.

எண் பலகையையும் சொல்லிவைக்கிறேன். கப்பலை விட்டு இறங்கும்போது பலகையில் நம் எண்ணைத் திருப்பவேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி திருப்பவேண்டும். அத்தையின் எண் 31. ஒருநாள் வந்ததும் திருப்ப மறந்துவிட்டோம், கப்பல் கிளம்பாமல் நின்றது, மூன்று முறை அறிவித்தார்கள், நாங்கள் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தோம். கரையில் ஒருவர் விட்டுப்போயிருக்கலாம் என்று வழிகாட்டி மறுபடி பூட்ஸ் மாட்டத் தொடங்கிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு எந்த நாளும் மறக்கவில்லை.

5 அக்டோபர் 2025

டிக்கெட் போட்டுவிட்டீர்கள் என்று பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். அம்மாவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அத்தையிடம் கேட்டேன். இப்போதிருந்தே தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகச் சொன்னார், பத்துத் தடவை, கையை ஊன்றாமல். அப்புறம், கையில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போகவேண்டாம் என்றார். படகோட்டி முன்கையைப் பற்றி இழுத்தபோது அவருடையது முதல் நாளே இரண்டு உடைந்து, அந்தத் தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.